விட்டுவிட்டு வரும் நோயும் 40 விழுக்காட்டு இலக்கணமும்

“நேற்று நன்றாகத்தானே இருந்தார்?”

துறை அலுவலகங்களிலும் நெறியாளர் அறைகளிலும் அடிக்கடி எழும் இவ்வினாவில் ஐயம் மட்டும் இல்லை. ஒரு கோட்பாடும் இருக்கிறது. நோய் என்று ஒன்று இருந்தால் அது நேற்றும் இருந்திருக்க வேண்டும், நாளையும் இருக்க வேண்டும், இடையில் ஒரு நாள்கூட நோயாளி முகம் தெளிந்து நடமாடக் கூடாது. அப்படி இல்லாதது நோயன்று, சாக்கு. இந்தக் கோட்பாட்டை எந்தப் பல்கலைக்கழகமும் எழுதி வைக்கவில்லை. ஆயினும் விடுப்புப் படிவம், வருகைப் பதிவு, அரையாண்டு ஆய்வறிக்கை, கால நீட்டிப்பு விண்ணப்பம் ஆகிய அனைத்தையும் அதுவே ஆள்கிறது. இதன் அடியை நேராக வாங்குவோரில் ஒரு சாரார், மூட்டழற்சியோடு கண்ணழற்சியும் மீண்டும் மீண்டும் வரப்பெற்ற இளம் ஆய்வாளர்கள். அவர்களுடைய நோய் மருத்துவ நூல்களில் தெளிவாக வரையறுக்கப்பட்டிருக்கிறது. பல்கலைக்கழக விதிகளில் அதற்குப் பெயரே இல்லை.

அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்பது உடலின் எதிர்ப்பாற்றல் தன் முதுகெலும்பையும் இடுப்பெலும்பு மூட்டுகளையும் தானே தாக்கும் நோய். முதுமையில் வரும் எலும்புத் தேய்மானத்தோடு இதைக் குழப்பிக்கொள்வோர் பலர். இது பெரும்பாலும் இருபதுகளில் தொடங்குவது. 45 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்குவது அரிது. முதுகலை முடித்து முனைவர் பட்டத்திற்குப் பதிவு செய்யும் வயதும் இந்நோய் வந்து சேரும் வயதும் ஏறக்குறைய ஒன்றே. இதன் வலி ஓய்வெடுத்தால் கூடும், நடந்தால் குறையும். இரவின் பின்பாதியில் தூக்கத்தைக் கலைக்கும், காலையில் முதுகு கட்டைபோல் இறுகிக் கிடக்கும், முற்பகலுக்குள் தளரும். பதினொரு மணிக்குத் துறைக்குள் நுழைபவரைக் காண்போருக்கு அதற்கு முந்தைய ஆறு மணி நேரம் தெரிவதில்லை. “நாள் முழுதும் உட்கார்ந்து படித்தால் முதுகு வலிக்காதா?” என்ற ஆறுதலிலேயே ஆண்டுகள் கழிகின்றன. நோயாளி பெண்ணாக இருந்தால் நோயறிதல் இன்னும் தாமதம். இது ஆண்களுக்கு வருவது என்ற பழைய பாடம் மருத்துவத்தை விட்டு முழுதும் அகலவில்லை.

எச்எல்ஏ-பி27 என்ற மரபுக்கூறுக்கும் இந்நோய்க்கும் உள்ள வலுவான தொடர்பை 1973இல் லண்டனிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் இரு குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. அதே மரபுக்கூறு கண்ணின் முன்பகுதியில் திடீரென வரும் அழற்சியோடும் தொடர்புடையது என்பதும் அதே ஆண்டில் தெரிந்துவிட்டது. முதுகெலும்பு நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கோ அதற்கு மேலோ வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்தக் கண்ணழற்சி வருகிறது. பலருக்கு முதுகுவலிக்குப் பெயர் கிடைப்பதே கண் வழியாகத்தான். சிவந்த கண்ணோடு போனவரிடம் கண் மருத்துவர் “காலையில் முதுகு இறுகுமா?” என்று கேட்கும்போதுதான் ஐந்தாறு ஆண்டுப் புதிர் அவிழ்கிறது.

இந்தக் கண்ணழற்சியை யுவியைட்டிஸ் என்பர். ஒரு நாள் ஒரு கண் சிவக்கிறது. பீளை இல்லை, உறுத்தல் இல்லை. கண்ணின் ஆழத்தில் ஒரு வலி. விளக்கைப் போட்டால் வெளிச்சம் குத்துகிறது. எழுத்துகள் புகைபடிந்தாற்போல் மங்குகின்றன. “இன்னொரு கண் நன்றாகத்தானே இருக்கிறது, அதனால் படிக்கலாமே” என்று அன்போடு சொல்பவர்கள் உண்டு. இரு கண்களின் பாவைகளும் சேர்ந்தே சுருங்குபவை. நல்ல கண்ணில் ஒளி பட்டாலும் அழற்சியுற்ற கண்ணின் ஐரிஸ் சுருங்கும், சுருங்கும்போது வலிக்கும். கண் மருத்துவர்கள் இதையே ஒரு சோதனையாகச் செய்து பார்ப்பதுண்டு. ஆகவே நல்ல கண்ணால் படித்தாலும் நோயுற்ற கண் தன் வரியை வசூலித்துக்கொள்கிறது.

மருத்துவமும் எளிதன்று. தொடக்க நாட்களில் ஏறக்குறைய மணிக்கு ஒருமுறை ஸ்டீராய்டு சொட்டு மருந்து. பிறகு அதைப் படிப்படியாகக் குறைக்க ஆறு வாரங்கள் வரை. கண் வெளுத்துவிட்டதே என்று நடுவில் நிறுத்தினால் அழற்சி திரும்பும். கூடவே பாவையை விரிக்கும் சொட்டு மருந்து. ஐரிஸ் பின்னாலிருக்கும் விழிலென்ஸோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அது கட்டாயம் வேண்டும். அது இருக்கும்வரை அந்தக் கண்ணால் அருகிலுள்ள எழுத்தைப் படிக்க முடியாது. ஒட்டிக்கொண்டால் கண்ணழுத்தம் ஏறலாம். அழற்சி பலமுறை வந்தால் கண்புரையும், விழித்திரையின் நடுவில் நீர்க்கோப்பும் வரலாம். கண்ணழுத்தமும் புரையும் ஸ்டீராய்டாலும் வரக்கூடியவை. இந்தியாவில் காசநோய் பரவலாக இருப்பதால், அதுவே கண்ணழற்சிக்குக் காரணமா என்ற தேடல் ஒருபுறம். எதிர்ப்பாற்றலை அடக்கும் ஊசி மருந்து தொடங்குமுன் உடலில் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்ற சோதனை மறுபுறம். இவ்வளவும் கடந்து இரண்டு மாதத்தில் கண் வெண்மையாகத் தெளிந்துவிடும். பார்வைப் பலகையின் கடைசி வரி வரை படிக்கலாம். எட்டு மாதம் கழித்து ஒரு நாள் மறு கண் சிவக்கும்.

இப்படிப்பட்ட ஒருவரை இந்திய விதிகள் எவ்வாறு அளக்கின்றன?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக்கியது, பெரிய முன்னேற்றம். ஆனால் இட ஒதுக்கீடு முதலிய பலன்களுக்கு 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு வேண்டும் என்றது. பார்வைக் குறைபாட்டை அளப்பது எப்படி? கண்ணாடி அணிவித்து, எந்தக் கண் நன்றாகத் தெரிகிறதோ அதையே முதன்மையாகக் கொண்டு. ஒரு கண்ணை முற்றிலும் இழந்து மறு கண் நலமாக உள்ளவருக்கு 30 விழுக்காடு மட்டுமே. ஒரு கண் போனவரே கோட்டுக்கு வெளியே நிற்கும்போது, ஒரு கண் ஆண்டுக்கு இருமுறை போய்வருபவர் எங்கே நிற்பார்? முதுகெலும்பு மூங்கில் கழிபோல் ஒன்றாகிவிட்டால் இயக்கக் குறைபாடு என்ற வகையில் சான்றிதழ் கிடைக்கலாம். அவ்வாறு ஆகவிடாமல் தடுப்பதற்குத்தான் இத்தனை மருத்துவமும். ஆக, ஒழுங்காக மருந்து போட்டுக்கொண்டு கண்ணையும் முதுகையும் காத்துக்கொண்டவருக்கு எந்த ஏற்பாடும் இல்லை; கெடவிட்டவருக்கு உண்டு. காப்பாற்றியதற்குத் தண்டனை விதிக்கும் இந்த அளவுகோலைப் பல்கலைக்கழகங்கள் எந்தக் கூச்சமுமின்றித் தம் அன்றாட நடைமுறைகளிலும் கையாளுகின்றன.

முனைவர் பட்டத்திற்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளைப் பாருங்கள். ஆறு ஆண்டு உச்ச வரம்பு. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேற்பட்ட குறைபாடு உடையோருக்கும் இன்னும் இரண்டு. (சட்டம் ‘40க்குக் குறையாத’ என்கிறது, விதிமுறை ‘40க்கு மேற்பட்ட’ என்கிறது. சரியாக 40 உடையவர் இந்த இரு சொற்றொடர்களுக்கும் இடையில் விழுந்துவிடுகிறார். எவரும் வேண்டுமென்று செய்ததாக இருக்காது. கவனித்துப் படிக்கவில்லை, அவ்வளவே.) மீண்டும் மீண்டும் வரும் நோய்க்கு இதில் ஒரு வரியும் இல்லை. உதவித்தொகை பெறும் இளநிலை ஆய்வாளருக்குப் பொது விடுமுறைகள் நீங்கலாக ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு. ஒருமுறை கண் சிவந்தால் முதல் இரண்டு மூன்று வாரங்கள் படிப்பு இல்லை. இருமுறை சிவந்தால் 30 நாளும் தீர்ந்தது. அந்த ஆண்டில் காய்ச்சலோ வீட்டில் ஒரு சாவோ வரக் கூடாது.

இதற்கெல்லாம் சட்டத்தைப் பழிப்பது எளிது. ஆனால் சட்டம் பல்கலைக்கழகங்களைவிடப் பெருந்தன்மையானது. மாற்றுத்திறனாளி யார் என்று அது வரையறுக்கும் இடத்தில் விழுக்காடே இல்லை. நீண்டகாலக் குறைபாடு ஒன்று சூழலின் தடைகளோடு மோதி, மற்றவர்க்கு இணையாகப் பங்கேற்பதைத் தடுத்தால் போதும். தக்க ஏற்பாடுகள் பெறும் உரிமை இந்த விரிந்த வரையறையைச் சார்ந்தது. 40 விழுக்காடு என்பது வேறு பலன்களுக்கான கோடு. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோயுள்ள ஒருவருக்குக் குடிமைப் பணித் தேர்வில் எழுத்தர் மறுக்கப்பட்ட விகாஷ் குமார் வழக்கில், உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் இதையே தெளிவாக்கியது: தக்க ஏற்பாட்டுக்கு 40 விழுக்காட்டை முன்நிபந்தனையாக்கக் கூடாது. குறைபாட்டின் அளவு காலப்போக்கில் மாறக்கூடியது எனில் காலவரையறையுடன் சான்றிதழ் வழங்கவும் 2017ஆம் ஆண்டு விதிகளில் இடமிருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் துறை எழுத்தர் கேட்பது ஒன்றே: “சர்டிபிகேட்டில் எத்தனை பெர்சன்ட்?” அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரிடம் கொடுக்கப்பட்ட படிவத்தில் அந்த ஒரு கட்டம்தான் இருக்கிறது.

மொழியியல் படித்தவர்களுக்கு இங்கே ஒன்று விளங்கும். வினை எப்போது நடந்தது என்பது ஒன்று. எப்படி நடக்கிறது, ஒரே தடவையா, தொடர்ந்தா, திரும்பத் திரும்பவா என்பது வேறொன்று. தமிழ் இந்த இரண்டாவதைச் சொல்லச் சளைத்ததே இல்லை. மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. வலி வந்து வந்து போகிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் சுரத்துக்கு முறைக்காய்ச்சல் என்று பெயரே வைத்த மொழி இது. அந்தக் காய்ச்சல்காரர் இடைநாளில் எழுந்து நடமாடியதைக் கண்டு, அவருக்கு நோயில்லை என்று ஊரில் எவரும் சொன்னதில்லை. நாளைக்கு வரும் என்று கஞ்சி வைத்தார்கள். மருத்துவமும் இதைச் சொல்லாக்கியிருக்கிறது. கண்ணழற்சிக்கென 2005இல் வெளியான பன்னாட்டு வரையறை ‘மீள்வரு’ வகையைத் துல்லியமாகக் குறிக்கிறது: மருந்தில்லாமலே குறைந்தது மூன்று மாதம் அழற்சியின்றி இருந்து, பிறகு திரும்ப வருவது. நடுவில் நலமாக இருப்பது இந்த வரையறையின் ஓர் உறுப்பு. அதையே பல்கலைக்கழகம் நோயின்மைக்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறது.

பேச்சு வழக்கிலும் கெடுதி உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. சிவந்த கண் எல்லாம் ‘மெட்ராஸ் ஐ’ ஆகிவிடுவதால், விடுதியில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் பாயைச் சுருட்டிக்கொண்டு போகிறார். யுவியைட்டிஸ் ஒட்டிக்கொள்ளும் நோயன்று. வீட்டிலோ எல்லாம் ‘சூடு’. எண்ணெய் தேய்த்துக் குளி, நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் வை. இவற்றைவிட ஆபத்தானது மருந்துக் கடைக்காரர் சீட்டில்லாமல் எடுத்துக் கொடுக்கும் ஸ்டீராய்டு சொட்டு. கண் சிவந்ததற்குக் காரணம் கிருமியாக இருந்தால் அதே சொட்டு கண்ணைக் கெடுத்துவிடும்.

எதிர்வாதங்களில் முதன்மையானது: கண் சிவந்தவர்க்கெல்லாம் காலம் நீட்டித்தால் நாளைக்கு எல்லாருக்கும் கண் சிவக்கும். கேட்கப் பொருத்தமாகத் தோன்றும் இவ்வாதம், இந்நோயைப் பொறுத்தவரை முற்றிலும் பிழையானது. நடித்துக் காட்டவே முடியாத நோய்களில் இது ஒன்று. ஸ்லிட் லேம்ப் கருவியின் ஒளிக்கற்றையில், திரையரங்கின் ஒளியில் தூசி மிதப்பதுபோல், கண்ணறை நீரில் மிதக்கும் அணுக்களை மருத்துவர் எண்ணிப் பார்க்கிறார்; 0 முதல் 4 வரை தரமிட்டு எழுதுகிறார். ஒரு தாளில் தேதியோடு இருக்கும் அந்த எண்ணைவிட நம்பகமான சான்றைக் கேட்பவர் எதைக் கேட்கிறார்? தவிரவும், சிவப்பைச் சான்றாக நம்புவோர் இன்னொரு செய்தியையும் அறிய வேண்டும். குழந்தைப் பருவ மூட்டழற்சியோடு வரும் கண்ணழற்சியில் பெரும்பாலும் சிவப்பும் இல்லை, வலியும் இல்லை. வெளியே வெண்மையாகத் தெரியும் கண்ணுக்குள் பார்வை அழிந்துகொண்டிருக்கும். அதனால்தான் அக்குழந்தைகளைக் குறித்த இடைவெளியில் கண் மருத்துவரிடம் காட்டச் சொல்கிறார்கள். அவர்களில் சிலர் வளர்ந்து இன்று வகுப்பறைகளில் அமர்ந்திருக்கிறார்கள்.

அடுத்த வாதம் மென்மையானது, அதனாலேயே மோசமானது: “நல்ல நெறியாளர் அமைந்தால் இதெல்லாம் சிக்கலே இல்லை.” உண்மைதான்; நல்ல நெறியாளர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் நெறியாளர் ஓய்வு பெறுவார், துணைவேந்தர் ஆவார், மனம் கசப்பார். நெறியாளரின் கருணையால் கிடைத்த மூன்று வாரத்திற்கு ஆய்வாளர் எதைத் திருப்பித் தர வேண்டியிருக்கும் என்பது இந்நாட்டு ஆய்வு மாணவர்களுக்கு விளக்க வேண்டிய செய்தியன்று. விடைத்தாள் கட்டுகள், மகனின் பள்ளிச் சேர்க்கை, கருத்தரங்க உணவு ஏற்பாடு. ஏற்பாடு உரிமையாக இருந்தால் இந்தக் கடன் இல்லை.

கண்ணுக்கு மாற்று காது என்பார்கள். ஆங்கிலத்தில் ஆய்வு செய்பவருக்கு இது ஓரளவு மெய். கட்டுரைகளைத் திரைவாசிப்பான் படித்துக் காட்டும், மூன்று வாரம் கேட்டுக்கொண்டே வேலையை நகர்த்தலாம். தமிழில் ஆய்வு செய்பவருக்கு என்ன இருக்கிறது? சோத்கங்காவில் ஏற்றப்பட்ட தமிழ் ஆய்வேடுகளில் பல, பக்கங்களை ஒளிப்படமாக எடுத்து அடுக்கியவை. வாசிப்பான் அவற்றில் காண்பது வெற்றுத் தாள். வேறு பல, ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. கண்ணால் பார்த்தால் அழகிய தமிழ். வாசிப்பானிடம் கொடுத்தால் பொருளற்ற ரோமன் எழுத்துகளின் குவியல். பழைய நூல்களின் மின்வடிவங்கள் பெரும்பாலும் படங்களே. எழுத்துணரி மென்பொருள்கள் வளர்ந்துள்ளன. ஆனால் பழைய அச்சில் ணை, னை, றா போன்றவற்றின் பழைய வடிவங்கள் வந்ததும் தடுமாறுகின்றன. எழுத்துச் சீர்திருத்தம் 1978இல் அரசாணையாக வந்தது. அதற்கு முந்தைய அச்சுலகம் முழுவதும் இந்தத் தடுமாற்றத்துக்கு உட்பட்டது. ஒருங்குறி வந்து கால் நூற்றாண்டு கடந்த பின்னும் பழைய எழுத்துருவில் ஆய்வேடு வாங்கி, கையொப்பமிட்டு, நூலகத்துக்கு அனுப்பும் துறைகள், பார்வையற்ற மாணவர்களுக்கு இத்தனை ஆண்டும் இழைத்து வந்தது என்ன என்பதை, ஆறு வாரம் கண் மூடிக் கிடக்கும் ஒருவர்தான் தம் செவியால் கண்டுகொள்கிறார். பார்வையற்ற ஆய்வாளர்கள் இதை நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். கேட்டவர் சிலர்.

வசதியுள்ளோருக்கு மருத்துவத்தில் நல்ல வழி திறந்திருக்கிறது. அடலிமுமாப் போன்ற ஊசிகள் முதுகுவலியைத் தணிப்பதோடு கண்ணழற்சி திரும்பும் தடவைகளையும் குறைக்கின்றன. அதன் உள்நாட்டு வடிவம் 2014 டிசம்பரிலேயே இந்தியச் சந்தைக்கு வந்து விலை குறைந்தது. குறைந்த விலையும் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையில் வாழ்பவருக்கு, அதுவும் அத்தொகை மாதக்கணக்கில் தாமதமாகும் நாட்டில், பெரிய விலையே. உதவித்தொகையே இல்லாத ஆய்வாளர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இவற்றில் பலவற்றுக்கு மானியக் குழு விதி திருத்த வேண்டும். ஆனால் எல்லாவற்றுக்கும் அல்ல. ஆய்வாளர் ஒவ்வொரு அரையாண்டும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் தோன்ற வேண்டும் என்பது விதி. எந்த வாரத்தில், எந்த வடிவில் என்பது துறையின் கையில் இருக்கிறது. திரையும் ஒளிவீழ்த்தியும் இன்றி, அரையிருளில், வாய்மொழியாக முன்னேற்றத்தைச் சொல்லலாம் என்று தீர்மானம் எழுத எந்த அமைச்சகத்தின் அனுமதியும் வேண்டாம். கண் மருத்துவரின் தேதியிட்ட சீட்டு இருந்தால் அந்த நாட்களை வருகைக் குறைவாகக் கொள்வதில்லை என்று துறைக்குழு முடிவெடுக்கலாம். 2016 சட்டம் ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்கிறது. அந்த ஆவணத்தில் ‘மீள்வரு நோய்’ என்ற சொல்லைச் சேர்த்து, நோய் செயலில் உள்ள வாரங்களை ஆய்வுக் காலத்தில் கணக்கிடாமல் நிறுத்தி வைக்கப் பரிந்துரைக்கலாம். ஆய்வேட்டை ஒருங்குறியில் மட்டுமே பெறுவோம் என்று நூலகம் நாளைக் காலையே அறிவிக்கலாம். விண்ணப்பப் படிவத்தில் ‘நிலையானது / தற்காலிகமானது’ என்று இரண்டு கட்டங்கள் இருக்கும் இடத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் வரைய, அலுவலகத்தில் ஓர் அடிக்கோல் இருந்தால் போதும்.